சிறுநீரக நோயாளிக்கு ஒரு வேளை ஓவன் சாப்பாடு: 10 லிட்டர் ஓடிஜி போதுமா?

சமைப்பது ஒரே ஆளுக்கு. உப்பைக் குறைக்கச் சொல்லியாயிற்று. பொட்டாசியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் ஓர் எல்லை போட்டிருக்கிறார். இந்த நிலையில் 9 அல்லது 10 லிட்டர் கொள்ளளவும் 800 வாட்டை ஒட்டிய சக்தியும் மேலும் கீழுமாக இரண்டு சூட்டுக் கம்பிகளும் கொண்ட சின்ன ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். உப்பு குறைந்த சாப்பாட்டுக்கு ருசி கொடுப்பதில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்க அது ஒரு துளியும் உதவாது. அந்த வேலை அடுப்பில், பாத்திரத் தண்ணீரில்தான் நடக்க வேண்டும். இது தெரியாமல் வாங்குபவர்கள், 'ஓவனில் எண்ணெய் குறைவு, அதனால் உடம்புக்கு நல்லது' என்று நினைத்து முழு உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டுச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

அந்த உருளைக்கிழங்கின் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம். பச்சை உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 420 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. தோலோடு சுட்டபின் அதே 100 கிராமில் 535 மி.கி. அளவுக்கு ஏறிவிடும். புதிதாக எதுவும் சேரவில்லை. தண்ணீர் ஆவியாகிப் போக, பொட்டாசியம் மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. நடுத்தரமான ஒரு சுட்ட கிழங்கில் 900 மி.கி.யைத் தாண்டும். அதே கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் ஏறக்குறைய பாதி போய்விடும். துருவி வேகவைத்தால் இன்னும் அதிகம் போகும். இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுவது பலர் செய்கிற காரியம்தான், ஆனால் வேகவைக்காமல் ஊறல் மட்டும் பெரிதாக எதையும் வெளியே எடுப்பதில்லை. ஆகவே ஓடிஜி வாங்குகிறவர், கூடவே ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடிக்கிற ஒரு பாத்திரத்தையும் ஒரு வடிதட்டையும் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். காய் முதலில் அதில் வெந்து வடிந்த பிறகுதான் ஓவனுக்குள் போகும்.

பிறகு எதற்கு ஓவன்? உப்புக்காக. நாள் முழுவதுக்கும் சோடியம் 2 கிராமுக்குள், அதாவது உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நாள்பட்ட சிறுநீரக நோய்க்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மூன்று வேளைக்கும் பங்கு போட்டு, பாலிலும் முட்டையிலும் ரொட்டியிலும் இயல்பாகவே இருக்கும் சோடியத்தையும் கழித்தால், ஒரு வேளைச் சமையலில் கையால் போடக்கூடிய உப்பு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரைதான். வேகவைத்த காயில் அரை கிராம் உப்பு போட்டால் போட்டதே தெரியாது. அதே காய் பொன்னிறமாகச் சிவந்து, ஓரம் லேசாகக் கருகி, மேலே எலுமிச்சைச் சாறு விழுந்திருந்தால் அரை கிராம் தாராளமாகப் போதும். சிவப்பதற்கு உணவின் மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டியாக வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. சின்ன ஓவனில் சமையல் கெட்டுப்போவதில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தால்தான்.

இனி இயந்திரம். இந்த அளவு ஓடிஜிகள் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சரக்குதான்: வெப்பத்துக்கு ஒரு குமிழ், நேரத்துக்கு ஒரு குமிழ், மேல்கம்பி, கீழ்கம்பி, இரண்டும் சேர்த்து என்று தேர்ந்தெடுக்கச் சிலவற்றில் மூன்றாவது குமிழ், ஒரு தட்டு, ஒரு கம்பி வலை, அடியில் துகள் விழும் தகடு. வாங்கும்போது விட்டுக்கொடுக்கக் கூடாதது அந்த மூன்றாவது குமிழ். கம்பிகளைத் தனித்தனியாக இயக்க முடியாத மாதிரியை எடுக்க வேண்டாம். கடைசி நாலு நிமிடம் மேல்கம்பியை மட்டும் போட்டு மேற்பரப்பைச் சிவக்கவைப்பதுதான் கீழே சொல்லப்போகிற சாப்பாட்டின் உயிர். உள்ளே காற்றாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. காற்றாடி உள்ளதில் எந்தச் செய்முறைக்கும் 20 டிகிரி குறைத்து வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

வெப்பக் குமிழை நம்பக் கூடாது. உள்ளே இருப்பது சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் ஈருலோகப் பட்டை. 180 என்று வைத்தால் உள்ளே வெப்பம் அதற்கு மேலும் கீழுமாக 20 டிகிரிவரை ஊசலாடிக்கொண்டே இருக்கும்; குமிழின் குறியே தள்ளி அச்சாகியிருந்தால் இன்னும் தள்ளும். ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்று வாங்கி நடுவலையில் வைத்துவிடுவது உத்தமம். அது இல்லாதவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை 186 டிகிரியில் உருகும். ஒரு டீஸ்பூன் சர்க்கரையைச் சின்னத் தகட்டில் பரப்பி, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175-இல் கால் மணி நேரம் வைத்தால் உருகாமல் இருக்க வேண்டும். 190-இல் கால் மணி நேரத்தில் உருக வேண்டும். 175-இலேயே உருகினால் உங்கள் ஓவன் சொல்வதைவிடச் சூடு, 190-இலும் உருகாவிட்டால் சொல்வதைவிடக் குளிர்ச்சி. எவ்வளவு தள்ளுகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குமிழுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

சூடேற்றும்போது, கம்பி ஓடுவதைக் காட்டும் விளக்கு அணைந்ததும் உணவை உள்ளே தள்ளுவது அடுத்த தவறு. முதல்முறை விளக்கு அணையும்போது சூடாகியிருப்பது காற்று மட்டும்தான். கதவைத் திறந்தால் அந்தக் காற்று வெளியே போய்விடும். விளக்கு மறுபடி எரிந்து, இரண்டாம் முறை அணையட்டும். அதற்குள் சுவரும் கதவும் தட்டும் சூட்டைப் பிடித்திருக்கும். இந்த அளவு ஓவனுக்குப் பத்து நிமிடம் போதும். பெரிய ஓவனோடு ஒப்பிட்டால் இங்கேதான் லாபம். சூடேற்றுவதிலிருந்து இறக்குவதுவரை மொத்தம் 40 நிமிடம் ஓடினாலும் மின்சாரம் அரை யூனிட்டை ஒட்டித்தான் ஆகும். ஒரு தட்டுச் சாப்பாட்டுக்காக 30 லிட்டர் ஓவனைச் சூடாக்குவது வீண்.

நேரக் குமிழ் முறுக்கி விடுகிற வகை. ஐந்து நிமிடத்துக்கு வைக்க வேண்டுமானால் நேரே ஐந்துக்குத் திருப்பக் கூடாது. முதலில் 15 அல்லது 20-ஐத் தாண்டித் திருப்பிவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் உள்ளே சுருள் சரியாக இறுகாமல் மணி அடிப்பது முன்பின்னாகும். குறைந்த நேரங்களுக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்வதே நிம்மதி.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவற்றில் ஒற்றைக் கண்ணாடி. வெளிப்பக்கமே கையைச் சுடும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கை விரல்களில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சூடு பட்டதே உடனே தெரியாது. மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம்வரை வரும் உறையாகப் பார்த்து வாங்கவும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்துலா (ரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைத்த இடம்) போட்ட கையால் தட்டை இழுக்கவோ கதவோரம் விடவோ வேண்டாம், மறு கையைப் பயன்படுத்துங்கள். கூடவே தரும் இடுக்கி மாதிரிக் கைப்பிடி பெரும்பாலும் ஆடும். அதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

சோதனைச் சாப்பாடு

ஓவனின் நல்லது கெட்டது இரண்டையும் காட்டிவிடுகிற ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம்: கோழியும் காலிஃபிளவரும் சாதமும் சேர்த்து, மேல்புறம் மொறுமொறுப்பாகச் சுட்டது. ஒரு ஆளுக்கு ஒரு கிண்ணம். மிச்சம் வைக்கிற வேலை இல்லை.

தேவை: தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி 50 கிராம், வடித்து ஆறிய வெள்ளைச் சாதம் 150 கிராம், காலிஃபிளவர் 80 கிராம், பச்சைக் குடைமிளகாய் 40 கிராம், வெங்காயம் 40 கிராம், பூண்டு இரண்டு பல், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், மிளகுத்தூளும் வறுத்துப் பொடித்த சீரகமும் அரை அரை டீஸ்பூன், உப்பு அரை கிராம். பாத்திரம், 15 செ.மீ. அகலமும் 600 மி.லி. கொள்ளளவும் உள்ள பீங்கான் கிண்ணம். உணவின் ஆழம் 3 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆழமான குறுகிய கிண்ணத்தில் போட்டால் மேலே தீய்ந்து நடுவில் சில்லென்று இருக்கும்.

காலிஃபிளவரை 2 செ.மீ. பூக்களாகப் பிரித்து, கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு வடிக்கவும். அந்தத் தண்ணீரைச் சூப்புக்கோ சாதத்துக்கோ எடுத்து வைக்க வேண்டாம். வெளியே எடுத்த பொட்டாசியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. வடித்த பூக்களை ஒரு பருத்தித் துணியில் பரப்பி ஐந்து நிமிடம் விடவும். இதை விட்டுவிட்டால் சின்ன ஓவனின் உட்புறம் முழுவதும் ஆவியாகிக் கண்ணாடி வியர்த்துப்போகும், எதுவும் சிவக்காது. அடுப்பில் காய் வேகும் நேரத்தில் கோழியை 2 செ.மீ. துண்டுகளாக்கி, மிளகு, சீரகம், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறி வைக்கவும். எலுமிச்சையில் கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். சின்னத் துண்டு வெளியே வெளுத்து நார்நாராகிவிடும்.

ஓவனை இரண்டு கம்பியும் சேர்த்து 200 டிகிரிக்கு வைத்துச் சூடேற்றவும். கோழி, காலிஃபிளவர், பெரிய துண்டாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய் எல்லாவற்றையும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் புரட்டி, பேக்கிங் தாள் விரித்த தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, கீழ்ப்படியில் 12 நிமிடம். எட்டாவது நிமிடத்தில் கதவை ஒரு நொடி திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டுத் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்கவும். பெரும்பாலான சின்ன ஓவன்களில் பின்பக்கம் சூடு அதிகம், கதவுப்பக்கம் குறைவு. காலிஃபிளவர் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தால் இந்தக் கட்டம் சரி. பூண்டை இப்போது சேர்க்கக் கூடாது. நசுக்கிய பூண்டு 200 டிகிரியில் ஐந்தே நிமிடத்தில் கசந்துவிடும்.

அடுத்து, நசுக்கிய பூண்டையும் சாதத்தையும் லேசாக நுரைக்க அடித்த வெள்ளைக்கருவையும் தட்டில் வெந்தவற்றோடு கலந்து, எண்ணெய் தடவிய கிண்ணத்தில் போட்டு மேலே சமப்படுத்தவும். மிச்சம் இருக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெயை மேலே வட்டமாக விட்டு 180 டிகிரியில் 12 நிமிடம். வெள்ளைக்கரு சாதத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். பிறகு கிண்ணத்தை நடுப்படிக்கு ஏற்றி மேல்கம்பியை மட்டும் போட்டு மூன்று நாலு நிமிடம். இந்தக் கட்டத்தில் அடுப்படியை விட்டு நகர வேண்டாம். கம்பிக்கும் சாதத்துக்கும் இடையே சில செ.மீ.தான் இடைவெளி, பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானியில் கோழித் துண்டு 74 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் மிச்சமுள்ள எலுமிச்சைச் சாறு. அதுவும் கடைசியில்தான், சூட்டில் வெந்தால் புளிப்பின் கூர்மை போய்விடும்.

பழைய சாதம் எடுப்பதானால் ஒரு விதி. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்ததாக இருக்க வேண்டும். இரவெல்லாம் வெளியே இருந்த சாதத்தில் உண்டாகும் நச்சு ஓவன் சூட்டிலும் அழியாது.

இந்தக் கிண்ணத்தில் ஏறக்குறைய 21 கிராம் புரதம், 590 மி.கி. பொட்டாசியம், 235 மி.கி. பாஸ்பரஸ். உப்புக்கு முன் சோடியம் 100 மி.கி.யை ஒட்டி, அரை கிராம் உப்பு சேர்ந்தபின் 300. சக்தி 450 கலோரி அளவு. டயாலிசிஸ் இல்லாத நாள்பட்ட சிறுநீரக நோயில் எடைக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்று வைத்தால் 60 கிலோ எடைக்கு நாளுக்கு 48 கிராம். அதில் பாதிக்கும் குறைவு இங்கே போகிறது. கோழி 50 கிராம்தானா என்று கைப்பிடி கூடப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கதை வேறு: தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை ஏறும். அவர்கள் கோழியை 90 கிராமாக்கலாம். புரதம் 30 கிராம், பொட்டாசியம் 720, பாஸ்பரஸ் 320 என்று சேர்ந்தே ஏறும். உங்கள் எல்லை எது என்பதை டாக்டரோ உணவியல் நிபுணரோ உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எண்ணெயைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். புரதம் குறைந்த சாப்பாட்டில் கலோரியும் குறைந்தால் உடம்பு தன் தசையையே எரித்துக்கொள்ளும். அந்த ஒரு டேபிள்ஸ்பூன் கணக்கில் சேர்த்ததுதான்.

அரை கிராம் உப்பை எப்படி அளப்பது? சமையலறைத் தராசுகள் ஒரு கிராமுக்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. சிட்டிகை என்பது ஆளுக்கு ஆள் வேறு. 10 கிராம் உப்பை எடைபோட்டு, தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கி, பெயர் எழுதிய சின்னப் புட்டியில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 5 மி.லி. டீஸ்பூன் ஒன்றுக்குச் சரியாக அரை கிராம் உப்பு, சோடியமாகச் சொன்னால் 200 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. இதைச் சாதத்தோடு கலக்காமல், மேல்கம்பி ஓடும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன் மேலே தெளிக்க வேண்டும். தண்ணீர் உடனே ஆவியாகும், உப்பு மேல்பொருக்கில் தங்கும். நாக்கில் முதலில் படுவது அதுதான் என்பதால் கலந்து போட்ட உப்பைவிட நன்றாகத் தெரியும். உண்மையில் இந்தச் சமையலுக்கு ஓவனைவிட முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு. கோழியையும் சாதத்தையும் கண்ணால் அளந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வெறும் அலங்காரம்.

'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதைத் தொடவே வேண்டாம். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். முழுவதும் பொட்டாசியம் குளோரைடாக உள்ள மாற்று உப்பில் கால் டீஸ்பூனிலேயே 600 மி.கி.க்கு மேல் பொட்டாசியம். மேலே சொன்ன முழுச் சாப்பாட்டில் உள்ளது அவ்வளவுதான். காய்களை மெனக்கெட்டு வேகவைத்து வடித்தது அத்தனையும் அந்தக் கால் டீஸ்பூனில் திரும்பி வந்துவிடும்.

என்ன போடக் கூடாது

ஓவன் கையில் வந்ததும் கேக், பன், மேலே சீஸ் போட்டது என்று ஆசை போகும். பேக்கிங் பவுடரில் இரட்டைச் சிக்கல். பெரும்பாலான வகைகளில் அமிலப் பங்காக இருப்பது பாஸ்பேட் உப்பு. சோடியம் ஒரு டீஸ்பூனுக்கு 350 மி.கி.யிலிருந்து 500 வரை. சமையல் சோடாவில் பாஸ்பேட் இல்லை, ஆனால் ஒரு டீஸ்பூனில் 1,200 மி.கி.க்கு மேல் சோடியம். உப்ப வைக்க வேண்டுமென்றால் ஈஸ்டோ, நன்றாக நுரைத்த வெள்ளைக்கருவோதான் சரி. ரத்தத்தில் அமிலம் ஏறியதற்காக டாக்டர் சோடா மாத்திரை கொடுத்திருந்தால் அதை இந்தக் கணக்கோடு குழப்பி நிறுத்திவிட வேண்டாம்.

உணவில் இயல்பாக உள்ள பாஸ்பரஸும் தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட்டும் ஒன்றல்ல. தானியம், பருப்பில் உள்ளதில் பாதிகூட உடம்பில் சேர்வதில்லை. சேர்க்கப்பட்ட பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதும் சேர்ந்துவிடும். பதப்படுத்திய சீஸ், உறையவைத்த ஓவன் சாப்பாடு, ஊசி வழியே உப்புநீர் ஏற்றிய கோழி எல்லாவற்றிலும் இது இருக்கும். உறைமேல் 'பாஸ்' என்று வரும் எந்தப் பெயரும், 338 முதல் 341 வரை, 343, 450 முதல் 452 வரையிலான சேர்க்கைப் பொருள் எண்களும் கண்ணில் பட்டால் திருப்பி வைத்துவிடலாம். கோழி பொட்டலத்தில் சோடியம் அளவைப் பாருங்கள். ஒன்றும் சேர்க்காத நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 50 மி.கி.யை ஒட்டி இருக்கும். 200, 300 என்று இருந்தால் உப்புநீர் ஏற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கறி தட்டில் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் வெள்ளை வெள்ளையாக நீர் விட்டு, தன் தண்ணீரிலேயே வேக ஆரம்பிக்கும், சிவக்காது.

தக்காளி விழுது இன்னொரு பொறி. பழத்தில் 100 கிராமுக்கு 240 மி.கி.யை ஒட்டி இருக்கும் பொட்டாசியம், சுண்டிய விழுதில் ஆயிரத்தைத் தொடும். ஓவன் சாதத்துக்குச் சிவப்பு நிறம் வேண்டுமானால் சிவப்புக் குடைமிளகாயை மேல்கம்பியில் தோல் கருக வாட்டி, உரித்து அரைத்து ஊற்றலாம். இனிப்பும் கிடைக்கும்.

பாத்திரமும் தாளும்

கூடவே தரும் தட்டு மெல்லியது. 200 டிகிரியில் திடீரென்று 'டங்' என்று முறுக்கிக்கொள்ளும். பயப்பட ஒன்றுமில்லை, ஆறினால் நேராகிவிடும். ஆனால் அலுமினியத் தட்டில் எலுமிச்சை பிசறிய கோழியை நேரடியாக வைக்கக் கூடாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், அது உணவில் இறங்கும். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதடைந்ததற்கு அது கடினம். அலுமினியத் தாளுக்கும் இதே விதி. நடுவில் பேக்கிங் தாள் இருந்தால் பிரச்சினை இல்லை. அந்தத் தாளின் ஓரம் தட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு கம்பியில் படாதபடி கத்தரித்துவிடவும், இவ்வளவு சின்ன ஓவனில் அது பற்றிக்கொள்ளும். கண்ணாடிக் கிண்ணம் பயன்படுத்தினால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனுக்குள் வைக்க வேண்டாம். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

ஏர் ஃபிரையர் இருந்தால் இது வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் கட்டத்துக்கு, அதாவது காயும் கோழியும் சிவக்க, ஏர் ஃபிரையர் இதைவிட வேகம். 190 டிகிரியில் ஒன்பது பத்து நிமிடம் போதும். இரண்டாம் கட்டத்தில் அது தோற்கிறது. கூடையை அடைக்கிற மாதிரிக் கிண்ணம் வைத்தால் காற்று சுற்ற வழியில்லை. வெள்ளைக்கரு அடியில் வழவழவென்று நிற்கும்போதே மேலே உள்ள சாதப் பருக்கைகள் கல்லாகிவிடும். கையில் ஏற்கனவே ஏர் ஃபிரையர் இருக்கிறவர் கிண்ணச் சமையலை மறந்துவிட்டு, சிவந்த காயையும் கோழியையும் சுடுசாதத்தின்மேல் போட்டுச் சாப்பிடலாம். அதற்காக இன்னொரு பெட்டி வாங்கத் தேவையில்லை. மைக்ரோவேவ் மட்டும் உள்ளது எதையும் சிவக்கவைக்காது, அதனால் இந்த வேலைக்கு ஆகாது.

கோழி சாப்பிடாதவர்கள், பாஸ்பரஸ் எல்லை இறுக்கமாக உள்ளவர்கள், முட்டை சாப்பிடுவதானால் கோழிக்குப் பதில் மொத்தம் நாலு வெள்ளைக்கரு சேர்க்கலாம். கூடுதலாகச் சேரும் மூன்றிலும் 11 கிராம் புரதம், பாஸ்பரஸ் 15 மி.கி. அளவுதான், 50 கிராம் கோழியில் அதே புரதத்துக்கு 100 மி.கி.க்கு மேல். ஆனால் வெள்ளைக்கரு ஒவ்வொன்றிலும் இயல்பாகவே 55 மி.கி. சோடியம் உண்டு. உப்புக் கரைசலை அரை டீஸ்பூனாக்கிவிடுங்கள். வெப்பத்தை 165-க்கு இறக்கி நேரத்தை 18 நிமிடமாக்கவும். சூடு கூடினால் வெள்ளைக்கரு ரப்பராக இறுகித் தண்ணீர் பிரியும், கிண்ணத்தின் அடியில் ஒரு குட்டை நிற்கும். மஞ்சள்கருவைச் சேர்த்துவிடலாமே என்றால், ஒரு கருவில் 65 மி.கி.யை ஒட்டிப் பாஸ்பரஸ். அது உங்கள் எல்லைக்குள் அடங்குமானால் ஒன்று சேர்க்கலாம்.

மீனென்றால் முறை மாறும். வெள்ளைச் சதையுள்ள மீன் துண்டு 80 கிராம், 2 செ.மீ. தடிமனில், பேக்கிங் தாளில் வெந்து வடிந்த பீன்ஸோடு பொட்டலமாக மடித்து 200 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம், உள்ளே 63 டிகிரி வரும்வரை. மீனுக்குச் சிவப்பதைவிட ஈரம் முக்கியம், அதனால் மேல்கம்பி தேவையில்லை. உறையவைத்த மீனிலும் இறாலிலும் பாஸ்பேட் கரைசலில் முக்கியது நிறைய வரும், உறையைப் படித்தே வாங்கவும்.

முதல்முறை ஓட்டும்போது உள்ளே ஒன்றும் வைக்காமல், ஜன்னலைத் திறந்துவைத்து, முழு வெப்பத்தில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். கம்பிகளில் பூசிய பாதுகாப்பு எண்ணெய் புகைந்து தீரும். அதன்பின் வாரம் ஒருமுறையாவது அடித்தகட்டை இழுத்துத் துகள்களைத் தட்டினால் போதும். கம்பியில் வழிந்த வெள்ளைக்கருவை மட்டும் ஆறினதும் ஈரத்துணியால் துடைத்துவிடவும். விட்டால் அடுத்த சமையல் முழுவதும் தீய்ந்த வாடை அடிக்கும். உப்புக் குறைந்த சாப்பாட்டில் அந்த வாடையை மறைக்க எதுவும் இருக்காது.